தொடாத கை

சின்னம்மாவுக்குத் தலைக்குள்ள கட்டி. மூளையைச் சுத்தியிருக்கிற உறையில முளைக்கிற மெனிஞ்சியோமா. "கேன்சர் இல்ல, சாதாக் கட்டிதான். ஆறு மாசம் கழிச்சி இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து போய்வர ரெண்டு பேர் கூலி போகும். சின்னம்மாவுடையது ஒன்று, கூடப் போகிறவருடையது ஒன்று. ஆறு மாசம் மூணு வருஷமாச்சு. முதல் படம் ஓட்டு வீட்டு ஒழுக்கலில் நனைந்து ஒட்டிப்போனது. "வலி இருந்தாத்தானே சாமி போவோம்" என்றது சின்னம்மா.

இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கச் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. ஒவ்வொரு படத்துண்டிலும் கட்டியின் விளிம்பைப் பிரித்து, மொத்தக் கன அளவைக் கணக்கிட்டு, பழைய படத்தோடு ஒப்பிடும். அகலத்தை மட்டும் அளந்தால் தப்பிவிடுகிற சிறு வளர்ச்சியும் இதில் பிடிபடும்.

எந்திரத்துக்குச் சாதி கிடையாதே என்று தோழர்கள் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கும் அது புரிகிறது. 1929இல் கத்தியவாரில் நடந்த ஒன்றை அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எழுத்தில் எடுத்துவைக்கிறார். தீண்டப்படாத ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்றவள். பார்க்க வந்த டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். திரும்பி வந்ததும் அதே வழிதான். அவள் செத்துப்போனாள். எந்திரத்துக்கு அந்தத் தீட்டு இல்லை, சரி.

ஆனால் அது யாரைப் பார்த்துப் பார்க்கக் கற்றது? மூளைக்கட்டிப் படங்களில் எந்திரங்களைப் பழக்கும் பிராட்ஸ் போட்டிக்கு, 2023இல் மெனிஞ்சியோமா படங்கள் அமெரிக்க மருத்துவ மையங்களிலிருந்து வந்தன. அதே வருஷம் ஆப்பிரிக்காவுக்குத் தனிப் பிரிவு வைக்க வேண்டியிருந்தது. அங்கே ஸ்கேனின் தெளிவு குறைவு, ஆட்களும் நோய் முற்றித்தான் வருகிறார்கள். 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் கசப்பு. அமெரிக்காவில் ஒரு கணினி முறை, யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதை அவர்களுக்கு ஆகும் செலவை வைத்து முடிவுசெய்தது. கறுப்பர்களுக்குச் செலவழிக்கப்பட்டது குறைவு. ஆகவே நோய் அதிகம் இருந்தும் அவர்கள் தேவை குறைந்தவர்களானார்கள். நிறம் என்னவென்று அந்த முறை கேட்கவே இல்லை.

நம்ம ஊரில் சாதியும் அப்படித்தான் பேர் சொல்லாமல் உள்ளே வரும். சின்னம்மாவுக்கு ஒப்பிட முந்தின படம் கிடையாது. 'வளர்ச்சி தெரியவில்லை' என்பதை 'வளர்ச்சி இல்லை' என்று ஒருவர் படித்துவிட எவ்வளவு நேரமாகும்? அப்போது பதில் சொல்வது எந்திரமா, அதை வாங்கியவரா, கையெழுத்துப் போட்டவரா? சாதாக் கட்டி என்கிற சொல்லே, திரும்பத் திரும்ப வந்து காட்ட முடிகிறவனுக்குத்தான் பொருந்துகிறது.

போன மாசம் சின்னம்மாவுக்கு இடது கையில் குடம் நிற்கவில்லை. திங்கட்கிழமை கூட்டிப்போகிறோம். பழைய படத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.