வணிகக் கூட்டத்திற்கு ஒரு விருந்தினர்

விருந்து என்னும் சொல் இந்நாளில் உணவையே குறிப்பதாகிவிட்டது. அதன் பழைய பொருளோ புதுமை என்பதாகும். தொல்காப்பியம் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறது. உற்றாரைப் பேணுவது உறவின் கடமை. முன்பின் அறியாது வந்த புதியவரைப் பேணுவதே விருந்தோம்பல். திருக்குறள் இவ்வறத்தை இல்லறவியலில் வைத்துள்ளது. வணிகர்க்குரிய நேர்மையைக் கூறும் குறளும் அதே இயலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டு அறங்களும் ஒரே மேசையில் சந்திக்கும்போது எழும் வினா ஒன்றையே இங்கு ஆராய விழைகிறேன்.

வணிகர்கள் வாரந்தோறும் கூடி, ஒருவர்க்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைத்துக் கொள்ளும் குழுக்கள் பல ஊர்களிலும் பெருகியுள்ளன. இவ்வகை அமைப்புகளுள் பெரியதான பி.என்.ஐ. 1985 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஐவன் மைஸ்னர் என்பவரால் தொடங்கப்பெற்று, இன்று எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவரே உறுப்பினராகலாம் என்பது அதன் விதி. ஒரே தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடினால் அக்கூட்டம் பொதுமக்களுக்கு எதிரான சூழ்ச்சியில் முடியும் என்று ஆடம் ஸ்மித் 1776 இல் அஞ்சினார். இவ்விதியின்கீழ் அவ்வச்சத்திற்கு இடம் குறைவு. ஆனால் குழு வளர வேண்டுமாயின் நிரம்பாத தொழிலிடங்களுக்குப் புதியவர்கள் வேண்டும். ஆகவே உறுப்பினர்கள் விருந்தினரை அழைத்து வருமாறு ஊக்குவிக்கப்படுகின்றனர். யார் எத்தனை பேரை அழைத்து வந்தார் என்பதும் கணக்கிடப்படுகிறது.

அழைக்கப்பட்டவர் விருந்தினரா, அன்றி எண்ணிக்கையா?

தமக்குப் பயன் கருதி ஒருவரை அழைப்பதே தவறு என்று கூறுவோர் உளர். அக்கூற்று எனக்கு உடன்பாடன்று. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது, அவரை நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்பது இம்மானுவேல் காண்ட் 1785 இல் வெளியிட்ட அறநூலின் கருத்து. இதில் "மட்டும்" என்ற சொல்லைப் பலர் மறந்துவிடுகின்றனர். தையற்காரர் நமக்குச் சட்டை தைப்பதற்கும், நாம் அவருக்குக் கூலி கொடுப்பதற்கும் காண்ட் தடை கூறவில்லை. நம் நோக்கத்தை அவர் அறிந்து இசைந்தாரா என்பதே கேள்வி.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது அச்சகம் நடத்திவருகிறார். சிறு குழு ஒன்றைச் சேர்ந்த நண்பர் அவரைக் காலைச் சிற்றுண்டிக்கு அழைத்தார். சென்ற பின்னரே அது வணிகக் கூட்டம் என்பது தெரிந்தது. எழுந்து நின்று தம் தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். இட்டலிக்கும் பணம் கேட்டனர். மாலைக்குள் சந்தா விண்ணப்பமும் வந்து சேர்ந்தது. "அம்மா, பணம் பெரிதன்று. நண்பர் என்று நம்பிச் சென்றேன்" என்றார். அழைத்தவர் சொன்ன சொல்லில் பொய் இல்லை. சிற்றுண்டி உண்மையாகவே இருந்தது. எனினும் கேட்பவர் ஒன்றை எண்ணிக்கொள்ளுமாறு மற்றொன்றை மறைத்துப் பேசியதை வாய்மை என்று எவ்வாறு கூறுவது? "இது வணிகர் கூட்டம், உங்கள் தொழிலுக்கு அங்கே இடம் காலியாக உள்ளது, உணவுக்கு இவ்வளவு ஆகும், சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம்" என நான்கு வாக்கியங்கள் சொல்லியிருந்தால் அவ்வழைப்பில் ஒரு குறையும் இராது. ஒருவேளை அவர் மகிழ்ந்தே சென்றிருப்பார். அச்சகத்திற்கு வாடிக்கையாளர் வேண்டாமா என்ன!

அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பகுத்தார்: பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது. விருந்தினர் நட்பையும் அவர் முதல் வகையிலேயே சேர்த்துள்ளார் என்பது நம்மவர்க்கு வியப்பளிக்கலாம். பூசலும் மனக்குறையும் மிகுதியாக எழுவது பயன் கருதிய நட்பில்தான் என்றும் அவர் கூறுகிறார். இருவரும் கணக்குப் பார்க்கும் இடத்தில் ஒருவர் கணக்கைப் பாசம் என்று பெயரிட்டு அழைத்தால், மற்றவர் பாசத்தையே எதிர்பார்த்து ஏமாறுகிறார் அன்றோ?

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். பள்ளியில் மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகச் செல்வோம். பதிவேட்டில் பெயர் ஏறினால் போதும் என்று சென்ற ஆசிரியர்க்கும், அக்குழந்தை நாளை வகுப்பில் அமரவேண்டும் என்று எண்ணிச் சென்றவர்க்கும் வேறுபாடு உண்டு. பதிவேடு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். எண்ணுவது பாவமன்று; ஆயினும் எண்ணத் தொடங்கிய பின் எளிதில் வரக்கூடியவரையே தேடிச் செல்லும் மனம் வந்துவிடுகிறது. கடன்பட்டவர், மறுக்க இயலாத மைத்துனர், நம்மிடம் சரக்கு விற்கும் சிறு வணிகர் ஆகியோரே முதலில் நினைவுக்கு வருகின்றனர். மறுக்க முடியாதவரை அழைப்பது அழைப்பாகுமா? அது ஆணையே.

மறுக்கும் உரிமை எத்துணைப் பயன் தரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1905 இல் பால் ஹாரிஸ் சிகாகோ நகரில் தொடங்கிய ரோட்டரி சங்கமும் முதலில் உறுப்பினர்கள் தமக்குள் வணிகம் செய்துகொள்ளும் குழுவாகவே இருந்தது; அங்கும் தொழிலுக்கு ஒருவர் என்பதே விதி. 1906 இல் டொனால்டு கார்ட்டர் என்னும் காப்புரிமை வழக்கறிஞரை உறுப்பினராகச் சேருமாறு அழைத்தனர். உறுப்பினரல்லாத எவர்க்கும் ஒரு நன்மையும் செய்யாத சங்கத்திற்கு எதிர்காலம் இல்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அழைத்தவர்கள் சினங்கொள்ளவில்லை. நகரத்தின் நலனையும் தம் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். அதன்பின் கார்ட்டரும் உறுப்பினரானார். 1907 இல் அச்சங்கம் சிகாகோவில் பொதுக் கழிப்பிடங்கள் அமைக்கும் முயற்சியை மேற்கொண்டது.

கார்ட்டர் சுட்டிய வெளியாளர் இன்றும் அக்கூட்டங்களில் இல்லை. பரிந்துரைச் சீட்டில் பெயர் எழுதப்படும் வாடிக்கையாளரையே குறிப்பிடுகிறேன். "இவரிடம் செல்லுங்கள், நல்லவர்" என்று நாம் சொல்ல, நம் சொல்லை நம்பி அவர் வீடு கட்டுகிறார். பல்லுக்கு மருத்துவம் செய்துகொள்கிறார். பரிந்துரைக்கப்பட்டவர் திறமையுடையவர் என்பதாலா, அன்றி இவ்வாரத்துக் கணக்கிற்கு ஒரு சீட்டுத் தேவைப்பட்டதாலா, எதனால் அச்சொல் பிறந்தது என்பதை அவர் அறியமாட்டார். புதிய விருந்தினரை அழைக்குமுன், அவர் தொழிலை நாம் நேரில் கண்டதுண்டா, நம் வீட்டு வேலைக்கு அவரை அமர்த்துவோமா என்று கேட்டுக்கொள்வது அந்த வெளியாளர்க்கு நாம் செய்யக்கூடிய சிறு காப்பு.