ஒதுங்குதலும் ஒரு கைங்கர்யம்

ஸ்ரீ:

பெருமாள் கோயில்களில் ப்ரஹ்மோத்ஸவம் கொடியேற்றத்தில் தொடங்கிக் கொடியிறக்கத்தில் நிறைவு பெறுகிறது. தொடக்கத்தில் பேரீதாடனம் செய்து தேவர்களை எழுந்தருளப் பிரார்த்திப்பதும், முடிவில் அவர்களுக்கு முறைப்படி விடைகொடுத்துக் கருடக்கொடியை இறக்குவதும் ஆகமங்கள் வகுத்த கிரமம். கொடியை இறக்காமலே விட்டுவிடுவதால் உத்ஸவம் நீண்டுவிடாது; குறைபட்டதாகவே ஆகும். தொடங்குவதற்கு ஒரு முஹூர்த்தம் இருப்பதைப் போலவே முடிப்பதற்கும் ஒரு முஹூர்த்தம் உண்டு என்பதை எம்பெருமானுடைய உத்ஸவமே உலகுக்குக் காட்டுகிறது.

வீதிப் புறப்பாட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. பெருமாள் எழுந்தருளும் வாகனங்களுள் ஒன்றுக்குத் 'தோளுக்கினியான்' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். சுமையைச் சுமக்கும் தோளுக்கே அது இனிதாக இருக்கிறதாம். ஆயினும் ஸ்ரீபாதம் தாங்கும் அன்பர்கள் யாவரும் நான்கு வீதியும் தாமே சுமப்பேன் என்று பிடிவாதம் செய்வதில்லை. உரிய இடத்தில் தோள் மாற்றிக்கொள்கிறார்கள். புதிய தோள் தண்டின் கீழ் வந்து சேர்ந்த பிறகே பழைய தோள் விலகுகிறது. சிறிது முன்னதாக விலகினால் பெருமாள் திருமேனி அசையும். விலக மறுத்தாலோ தளர்ந்த கால் இடறும்.

மனிதவாழ்வின் பெரும் கேள்வி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. இனிமையறிந்து சுமக்கவும் வேண்டும். வேளையறிந்து விலகவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருவனிடத்தில் எவ்வாறு சேரும்? சுவை கண்டவன் விடமாட்டான், விடத் துணிந்தவனுக்குச் சுவை தெரியாது என்றே உலகம் எண்ணுகிறது.

உரிமையும் ப்ரஸாதமும்

இதற்கு விடையை ஈசாவாஸ்ய உபநிஷத் தன் முதல் மந்திரத்திலேயே வைத்திருக்கிறது. உலகனைத்தும் ஈசனால் வியாபிக்கப்பட்டது. ஆகவே துறந்து அனுபவிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முதலில் அனுபவித்துப் பின்பு துறக்க வேண்டும் என்று அது கூறவில்லை. அனுபவிக்கும்போதே 'இது என்னுடையதன்று' என்ற தெளிவு இருக்க வேண்டும் என்கிறது.

பெருமாளுக்கு அமுது செய்வித்த புளியோதரையில் ஒரு பிடி கையில் கிடைக்கிறது. பெற்றவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கையும் சிந்தாமல், முழுச்சுவையும் அறிந்து உண்கிறார். உண்டபின் அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்கிறார். தளிகையறை முழுவதும் தமக்கே வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. கிடைத்தது ஒரு பிடிதானே என்று அதை வெறுப்பதும் இல்லை. வீடு, மக்கள், தொழில், பதவி, ஆயுள் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு பிடி ப்ரஸாதம்போல் ஏற்பவனுக்குச் சுவைத்தலும் ஒதுங்குதலும் பகையாவதில்லை.

ஸ்ரீவைஷ்ணவர்கள் ஒவ்வொரு கர்மத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஸாத்த்விக த்யாகத்தை அநுஸந்திக்கிறார்கள். கீதைக்கு உரை வகுத்த எம்பெருமானார் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். செயலின் பலன் எனக்கு என்பதை விடுவது ஒன்று. செயல் என்னுடையது என்ற மமதையை விடுவது மற்றொன்று. செய்கிறவன் நானே என்ற கர்த்ருத்வ எண்ணத்தை விடுவது மூன்றாவது. விலக நினைத்தும் விலக முடியாமல் தவிப்பவர்களின் நெஞ்சில் இம்மூன்று முடிச்சுகளுள் ஏதேனும் ஒன்று அவிழாமலே இருக்கும். இதிஹாஸங்கள் இதற்குச் சான்று பகர்கின்றன.

யயாதி கற்ற பாடம்

மஹாபாரதம் கூறும் யயாதி, சுக்ராசார்யரின் சாபத்தால் உரிய காலத்துக்கு முன்பே முதுமை எய்தினான். இன்னும் அனுபவிக்க வேண்டும் என்ற ஆவலால் தன் முதுமையை ஏற்று இளமையைத் தருமாறு புதல்வர்களை வேண்டினான். யது முதலான மூத்தவர் நால்வரும் மறுத்தனர். இளையவனான பூரு இசைந்தான். ஆயிரம் ஆண்டுகள் போகங்களில் திளைத்த பிறகே, ஆசை அனுபவத்தால் அடங்குவதன்று, நெய் பெய்த தீப்போல் வளர்வது என்பதை யயாதி உணர்ந்தான். இளமையைப் பூருவிடம் திருப்பித் தந்து, அவனுக்கு முடிசூட்டிக் காடு புகுந்து தவம் செய்தான்.

பலர் இக்கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள். பாரதம் நிறுத்தவில்லை. தவத்தின் பயனாக ஸ்வர்க்கம் எய்திய யயாதியை, தவத்தில் உனக்கு நிகர் யார் என்று இந்திரன் கேட்டான். தேவரிலும் மனிதரிலும் முனிவரிலும் தனக்கு நிகர் எவரையும் காணவில்லை என்று அவன் விடையளித்தான். அந்தச் சொல்லாலேயே ஸ்வர்க்கத்திலிருந்து வீழ்ந்தான். பின்னர் அவனுடைய மகள்வயிற்றுப் பேரர்களின் புண்ணியமே அவனைத் தாங்கி உயர்த்திற்று. போகத்தை விட்டான், ராஜ்யத்தை விட்டான். 'விட்டவன் நான்' என்ற எண்ணத்தை மட்டும் விடவில்லை. எவருக்கும் இளமையைக் கடனாகக் கேட்டவனைக் கடைசியில் காத்தவர்களும் இளையவர்களே என்பதைக் கவனிக்க வேண்டும்.

சக்ரவர்த்தியின் அவசரம்

தசரத சக்ரவர்த்தி யயாதியைப் போன்றவர் அல்லர். வெண்கொற்றக்குடை நிழலில் உடல் மூப்படைந்ததைத் தாமே உணர்ந்து, எவரும் தூண்டாமல், சபையைக் கூட்டி ஸ்ரீராமனுக்கு முடிசூட்ட விழைந்தார். குடிகளின் கருத்தையும் கேட்டறிந்தார். ஒதுங்க வேண்டிய வேளையை இவ்வளவு தெளிவாக அறிந்தவர் அரியர்.

ஆயினும் அவருடைய திருவுள்ளத்தில் ஓர் அச்சம் கலந்திருந்ததை வால்மீகி முனிவர் மறைக்கவில்லை. தீக்கனவுகள் கண்டதைக் கூறி, பரதன் ஊரில் இல்லாத காலத்திலேயே அபிஷேகம் நடந்துவிடுவது நல்லது என்று ராமனைத் தனியே அழைத்துச் சொல்கிறார். பரதனோ கிடைத்த ராஜ்யத்தைப் பாதுகையின்கீழ் வைத்து, நந்திக்ராமத்தில் பதினான்கு ஆண்டுகள் தவக்கோலம் பூண்டவன். அஞ்சத் தேவையில்லாத பிள்ளையைக் குறித்தே தந்தையின் உள்ளம் அஞ்சியது. சக்ரவர்த்தியைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. புத்ரவாத்ஸல்யத்தின் வேகம் அத்தகையது. ஆஸனத்தை விடுவது எளிது. தாம் விட்டபின் எல்லாம் தாம் நினைத்தபடியே நடக்க வேண்டும் என்ற பற்றை விடுவது அரிது என்பதே இங்குப் பெறத்தக்க பாடம்.

குந்தி தேவி காட்டிய வழி

இம்மூன்று முடிச்சுகளும் அவிழ்ந்த நிலையைக் குந்தி தேவியிடம் காணலாம். பாரதப் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் த்ருதராஷ்ட்ரனும் காந்தாரியும் வனம் புகப் புறப்பட்டனர். கண்ணைக் கட்டிக்கொண்ட காந்தாரி குந்தியின் தோளைப் பற்றினாள். கண்ணற்ற த்ருதராஷ்ட்ரன் காந்தாரியின் தோளைப் பற்றினான். வழியனுப்ப வந்தவள் என்று எல்லாரும் நினைத்திருந்த குந்தி, திரும்ப மறுத்துவிட்டாள்.

புதல்வர்கள் கதறினார்கள். நீயே எங்களைப் போருக்குத் தூண்டிவிட்டு, வென்ற ராஜ்யத்தை அனுபவிக்காமல் போவது ஏன் என்று பீமன் கேட்டான். நியாயமான கேள்வி. நீங்கள் பிறரிடம் சிறுமைப்படாமலிருக்கவும், பாண்டுவின் குலம் அழியாமலிருக்கவுமே தூண்டினேன். நான் அனுபவிப்பதற்காக அன்று. கணவர் இருந்த காலத்தில் அரசபோகத்தை நிறையவே அனுபவித்துவிட்டேன். புதல்வர் வென்ற செல்வத்தின் பயனை விரும்பவில்லை என்ற கருத்துப்பட அவள் விடை கூறினாள். ஸஹதேவனைப் புறக்கணியாதே, கர்ணனை மறவாதே என்று யுதிஷ்டிரனுக்குச் சொல்லிவிட்டு, வயது முதிர்ந்த இருவருக்கும் பணிவிடை செய்யக் காட்டுவழி நடந்தாள்.

குந்தி வாழ்வை வெறுத்தவள் அல்லள். அரசபோகத்தையும் சுவைத்தாள், அரக்குமாளிகையின் அச்சத்தையும் வனவாஸப் பிரிவையும் கண்டாள். துன்பம் வரும்போதெல்லாம் கண்ணன் தரிசனம் கிடைத்தது என்று அத்துன்பத்தையே மீண்டும் வேண்டியவள் என்று பாகவதம் அவளைப் போற்றுகிறது. கசப்பையும் ப்ரஸாதமாக ஏற்றவளுக்கு இனிப்பை விட்டு எழுவது வருத்தமாகவில்லை. அவள் தோல்வியில் விலகவில்லை. தன் மக்கள் அரியணையில் இருக்கும் காலத்தில் விலகினாள். விலகியபோதும் சும்மா இருக்கவில்லை. இன்னொருவர் பற்றிக்கொள்ளத் தன் தோளைக் கொடுத்தாள்.

சாவி கைமாறிய வரலாறு

இதிஹாஸ காலத்துக்கு மட்டும் உரியதன்று இப்பண்பு. ஆசார்யர்களின் வரலாற்றிலும் இதனைக் காணலாம். உடையவர் திருவரங்கத்துக்கு எழுந்தருளிய காலத்தில், அப்பெரிய கோயிலின் சாவியும் புராணம் வாசிக்கும் உரிமையும் பெரிய கோயில் நம்பியிடம் இருந்தன. கோயில் நிர்வாகத்தைத் திருத்தியமைக்க உடையவர் திருவுள்ளம் பற்றினார். நம்பியோ தொடக்கத்தில் இசையவில்லை. பல தலைமுறையாக வந்த உரிமையை விடுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

உடையவர் அவசரப்படவில்லை. கூரத்தாழ்வானை அவரோடு பழகச் செய்தார். நாளடைவில் நம்பியின் உள்ளம் கனிந்தது. நம்பியின் தாயார் பரமபதித்தபோது, பதினோராம் நாள் கர்மத்தில் அமுது செய்யும் ஸ்தானத்தில் கூரத்தாழ்வான் அமர்ந்தார். திருப்தியா என்று கேட்கப்பட்டபோது, கோயில் சாவியையே ஸம்பாவனையாக வேண்டினார். நம்பி மகிழ்ந்து அளித்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

சாவியைக் கொடுத்தவர் வெறுங்கையராகிவிட்டாரா? அவரே திருவரங்கத்தமுதனார் என்ற திருநாமத்தோடு 108 பாசுரங்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியை அருளிச்செய்தார். ப்ரபந்ந காயத்ரி என்று போற்றப்படும் அப்பிரபந்தம் திவ்யப்பிரபந்தத்தோடு சேர்த்து இன்றளவும் ஸேவிக்கப்படுகிறது. சாவியோடு இருந்திருந்தால் ஒரு கோயிலின் நிர்வாகி என்ற பெயரே மிஞ்சியிருக்கும். சாவியை விட்டதால் எல்லாத் திவ்யதேசங்களிலும் அவர் திருவாக்கு ஒலிக்கிறது. அந்தச் சாவியைப் பெற்ற உடையவரும் அதைத் தம்முடையதாகக் கருதவில்லை. கி.பி. 1017-இல் திருவவதரித்து 120 ஆண்டுகள் எழுந்தருளியிருந்த அம்மஹான், எழுபத்துநான்கு ஸிம்ஹாஸநாதிபதிகளை நியமித்து, தமக்குப்பின் தர்சனம் தளராமல் நடக்க வழிசெய்துவிட்டே திருநாடலங்கரித்தார்.

ஒதுங்குதலும் ஒதுக்கப்படுதலும்

இக்காலத்தில் காடு புகுவார் இல்லை. வீட்டிலேயே வானப்ரஸ்தம் பழக வேண்டியிருக்கிறது. கடைச்சாவியை மகனிடம் தந்தவர், மாலைதோறும் கல்லாப்பெட்டியை எண்ணிப் பார்த்தால் சாவி கைமாறியதாகாது. மருமகளிடம் அடுக்களையை ஒப்புவித்த மாமியார், உப்பும் புளியும் தாமே அளந்து கொடுத்தால் அடுக்களை ஒப்புவிக்கப்பட்டதாகாது. கேட்டபோது சொல்லவும், கேளாதபோது பொறுக்கவும், தாம் செய்ததைவிட வேறுவிதமாகச் செய்தாலும் காரியம் நன்கு நடக்கலாம் என்று நம்பவும் பழகிக்கொள்வதே முதியோர்க்கு உரிய தவம்.

இதில் இளையோரின் பொறுப்பும் பெரிது. ஒதுங்குதல் வேறு, ஒதுக்கப்படுதல் வேறு. யுதிஷ்டிரன், தன் குலத்துக்குக் கேடு விளைத்த த்ருதராஷ்ட்ரனைக்கூடப் பதினைந்து ஆண்டுகள் தந்தைபோல் பேணினான். பீமனோ, முதியவர் காதில் விழும்படி தன் தோள்வலிமையால் அவர் மக்களை மாய்த்த பெருமையைப் பேசினான். அச்சொல்லே முதியவரை நொறுக்கியது. தானே நடந்து செல்ல வேண்டியவரைச் சொல்லால் தள்ளுவது தர்மமாகாது. புதிய தோள் தண்டின்கீழ் உறுதியாக வந்து சேருமுன் பழைய தோளை விலக்கினால் சாய்வது குடும்பம் முழுவதுமே.

திருக்கோயிலில் நேற்றுச் சாற்றிய மாலை இன்று காலையில் களையப்படுகிறது. புதிய மாலைக்கு இடம் தரவே அது களையப்படுகிறது. குற்றம் செய்ததற்காக அன்று. களைந்த மாலையை எவரும் வீதியில் எறிவதில்லை. பெருமாள் திருமேனி ஸம்பந்தம் பெற்றதென்று அதனை மரியாதையோடு அடியார்கள் கழுத்தில் அணிவிக்கிறார்கள். பெற்றவர்கள் பெரும் பேறாகக் கொள்கிறார்கள். திருமார்பில் இருந்த வரையில் மணம் பரப்பி, வேளை வந்ததும் வாடாத மனத்தோடு இறங்கி, இறங்கிய பின்னும் பிறருக்கு ப்ரஸாதமாகும் வாழ்வை எம்பெருமான் எல்லா அடியார்களுக்கும் அருள்வானாக.

சுபம்.