கடன் தீர்ந்த பாலம்

லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 பெருந்தெரு தேம்ஸ் ஆற்றைச் சந்திக்கும் இடம் டார்ட்ஃபோர்ட். வடக்கே போக ஆற்றுக்கு அடியில் இரண்டு சுரங்கங்கள். தெற்கே வர மேலே ஒரு பாலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கலியாணமோ செத்தவீடோ என்றால், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டால் அங்கே அகப்படாமல் போகலாம் என்பதுதான் எங்கள் வீடுகளில் முதல் பேச்சு. ஒரு நாளைக்கு 1,35,000 வாகனங்களுக்கென்று திட்டமிட்ட கடவை. இன்று சராசரியாக 1,50,000க்கும் மேல் போகின்றன. அகப்படாமல் போனால் அது அதிர்ஷ்டம்.

வரிசை நகராதபோது பின்சீட்டிலிருந்து மாமா ஒருவர் கட்டாயம் கேட்பார்: "உந்தப் பாலத்துக்கு நாங்கள் எத்தனை தரம் காசு கட்டுறது? கடன் எப்பவோ முடிஞ்சுதெல்லோ?"

இதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. முதல் சுரங்கம் 1963இல் திறந்தது, இரண்டாவது 1980இல். எலிசபெத் மகாராணியின் பெயர் வைத்த பாலம் 1991இல் வந்தது. அது தனியார் பணத்தில் எழுந்தது. போட்ட கடன் தீரும்வரை சுங்கம், தீர்ந்ததும் நிறுத்தம் என்பதுதான் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. 2003க்குள் கடன் தீர்ந்தது. வசூல் நிற்கவில்லை. அதற்குள் வந்திருந்த வேறொரு சட்டத்தின்கீழ், நெரிசலைக் கட்டுப்படுத்தவென்று அதே காசை அதே இடத்தில் தொடர்ந்து வாங்கினார்கள். அப்போது காருக்கு ஒரு பவுண். 2008இல் ஒன்றரை, 2012இல் இரண்டு, 2014இல் இரண்டரை, 2025 செப்டெம்பரிலிருந்து மூன்றரை. கடனோடு இருந்த பாலம் மலிவு. கடனில்லாத பாலம்தான் விலை கூடியது.

மூன்றரைப் பவுண் பெரிய காசில்லை என்பவர்கள் உண்டு. கடைக் கோப்பி ஒன்றின் விலைதான். ஆனால் கோப்பியைக் குடிக்காமல் விடலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை இருப்பவர் ஆற்றைக் கடக்காமல் விட முடியாது. இலவசமாக விட்டால் கூட்டம் இன்னும் கூடும் என்கிறது அரசு. அதில் உண்மை இல்லாமலில்லை. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை கட்டணமே இல்லை என்பதும் அந்தக் கணக்கோடு ஒத்துத்தான் போகிறது. ஆனால் விலையைக் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடக் கூடியவர் நேரம் கையில் உள்ளவர். காலை ஷிப்டுக்குப் போகும் தாதியும் லொறிச் சாரதியும் எந்த விலைக்கும் வரிசையில் நிற்கத்தான் போகிறார்கள்.

சரி, காரணம் மாறிய பின்னும் தொடரும் செலவு எல்லாமே எங்களைக் கோபப்படுத்துகிறதா? இல்லை. இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் தங்கச்சியின் கலியாணத்துக்கென்று ஊருக்குக் காசு அனுப்பத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். கலியாணம் முடிந்தது. பிறகு வீட்டுக்கூரை, பிறகு அம்மாவின் மருந்து, இப்போது மருமகளின் படிப்பு. முதலில் சொன்ன காரணம் எப்போதோ தீர்ந்துவிட்டது, காசு நிற்கவில்லை. முணுமுணுப்பு உண்டு, அது வேறு. ஆனாலும் யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் ஒருவர் கேட்டார். இவர் யோசித்து, ஓம் என்றார். காரணத்தை மாற்றுவது குற்றமில்லை. கொடுப்பவனைக் கேளாமல் மாற்றுவதுதான் உறுத்துகிறது.

காத்திருப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. 2014 நவம்பர்வரை டார்ட்ஃபோர்டில் காசு வாங்கும் கூண்டுகள் இருந்தன. தாமதத்துக்கெல்லாம் அவைதான் காரணம் என்று எல்லாரும் ஏசினோம். கூண்டுக்குள் இருந்த மனிதர் ஏச்சையும் சில்லறையையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். கூண்டுகளை எடுத்தார்கள். தெற்கே வருவது கொஞ்சம் இலகுவானது உண்மை. வடக்கே? எரிபொருள் தாங்கிகளைச் சுரங்கத்துக்குள் சும்மா விட முடியாது. மற்ற வாகனங்களைச் சிவப்பு விளக்கில் நிறுத்தி, தாங்கிகளைக் கூட்டாகத் துணையோடு அனுப்ப வேண்டும். உயரம் கூடிய லொறி வழி தவறி வந்தாலும் நிறுத்தம்தான். பலமாகக் காற்றடித்தால் பாலத்தை மூடி, ஒரு சுரங்கத்தைத் தெற்கே வருபவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதெல்லாம் கூண்டு இருந்த காலத்திலும் நடந்ததுதான். கண்ணுக்கு முன்னால் ஒரு மனிதர் இருந்ததால் அவரையே ஏசினோம். இப்போது ஏச ஆளில்லை. பக்கத்து வரிசைக்காரனுக்கு ஹோர்ன் அடிக்கிறோம்.

கூண்டோடு போன இன்னொன்று, ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லாத சலுகை. கையில் காசை வாங்கிக்கொண்டு விட்ட காலத்தில் கட்ட மறக்கவே முடியாது. இப்போது கமெரா இலக்கத்தகட்டைப் படமெடுக்கிறது. மறுநாள் நள்ளிரவுக்குள் நாமாக நினைத்துக் கட்ட வேண்டும். தவறினால் 70 பவுண் தண்டம், பதினான்கு நாளுக்குள் கட்டினால் பாதி. கணக்குத் திறந்து வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. செத்தவீட்டுக்குப் போய் நள்ளிரவில் திரும்பியவருக்கும், இணையத்தில் கட்டத் தெரியாத எழுபது வயதுக்காரருக்கும்தான் கடிதம் வருகிறது. தெருவில் நின்ற வேலையை அரசு எங்கள் ஞாபகத்தில் ஏற்றிவிட்டது. ஞாபகம் எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லையே.

கிழக்கு லண்டன்காரர்கள் இந்தச் சண்டையை முன்பே ஒருமுறை பிடித்து வென்றிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரின் மேற்குப் பக்கத்துப் பாலங்களைப் பொதுப்பணத்தில் வாங்கிச் சுங்கத்தை நீக்கினார்கள். எங்கள் வரியும் அதில் இருக்கிறதே, எங்களுக்கு என்ன என்று கிழக்கே கேட்டார்கள். 1889இல் வூலிச்சில் இலவசப் படகு ஓடத் தொடங்கியது; காரையும் ஏற்றிக்கொள்ளும் அந்தப் படகுக்கு இன்றும் கட்டணமில்லை. 1897இல் பிளாக்வால் சுரங்கமும் இலவசமாகவே திறந்தது. 2025 ஏப்ரல் 7ஆம் தேதி பக்கத்தில் சில்வர்டவுன் சுரங்கம் திறந்த அன்றே இரண்டு சுரங்கங்களுக்கும் கட்டணம் வந்துவிட்டது. நெரிசல் நேரத்தில் காருக்கு நான்கு பவுண்.

கிரேவ்சென்டுக்கும் டில்பரிக்கும் இடையே ஆற்றுக்கு அடியில் புதிய கடவைக்கு 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்கும் காசு உண்டு. வாங்குங்கள், தருகிறோம். ஆனால் எதற்காக, எதுவரை என்பதை முதல் கார் இறங்கும் முன்பே எழுதி வையுங்கள். எழுதியதை மாற்ற வேண்டி வந்தால், அன்று எங்களிடம் வந்து கேளுங்கள்.