ஏடும் தராசும்

பொய்யாக மாற்றியெழுத முடியாத ஓர் ஏடு கிடைத்துவிட்டால் உலகிற் பொய் ஒழிந்துவிடுமா? காலநிலை மாற்றத்தைத் தடுக்கப் 'பிளாக்செயின்' எனும் தொகுதிச் சங்கிலி துணைசெய்யும் என்போரிடம் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

இவ்வேட்டின் படிகள் பல கணினிகளில் ஒருங்கே உள்ளன. ஒவ்வொரு பதிவும் முந்திய பதிவோடு பிணைக்கப்பட்டிருத்தலால், எழுதியதை எவரும் மறைவாகத் திருத்துதல் அரிது. காட்டைக் காத்தோ காற்றாலை நிறுவியோ ஒரு தொன் காபனீரொட்சைட்டைக் குறைத்தவருக்குக் 'காபன் வரவு' ஒன்று வழங்கப்படுகிறது. புகை கக்கும் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கித் தன் கணக்கை நேர்செய்கிறது. ஒரே வரவை இருவருக்கு விற்கும் மோசடியைச் சங்கிலி தடுக்கும் என்பர். அந்த அளவில் அது உண்மையே.

ஆயின் நடந்தது என்ன? 2021 ஒக்டோபரில் 'டூக்கன்' எனும் அமைப்பு, 'வெரா' பதிவேட்டிலிருந்த வரவுகளைச் சங்கிலியில் நாணயமாக்கத் தொடங்கியது. 'கிளைமா' எனும் அமைப்பு அவற்றை வாங்கிக் குவித்தது. வந்து சேர்ந்தவற்றுட் பல, வாங்குவாரின்றிக் கிடந்த பழைய வரவுகள். கிளைமாவின் சொந்த நாணயத்தில் ஊக வணிகம் மூண்டு, விலை விண்ணை எட்டிச் சில மாதங்களிற் சரிந்தது. வெராவில் தீர்ந்தனவாகப் பதியப்பட்ட வரவுகளே சங்கிலியில் நாணயமாக உலவின. 2022 மே மாதத்தில் வெரா அதனைத் தடைசெய்தது. ஏட்டில் எழுத்துப் பிழையில்லை. எனினும் பழைய வரவு புதிய காடாகிவிடவில்லை.

ஏட்டைக் காப்பதற்கும் விலை உண்டு. பிட்கொயின் ஓராண்டில் விழுங்கும் மின்சாரம் இலங்கை முழுவதும் உற்பத்தியாவதிலும் பன்மடங்கு. எதீரியமோ 2022 செப்டெம்பரில் முறையை மாற்றித் தன் மின்செலவை 99 வீதத்துக்கும் மேலாகக் குறைத்தது. எனவே கருவியின் போக்கு விதியன்று. மனிதர் துணிந்தால் மாற்றலாம்.

மலையகத்திற் கொழுந்து பறிக்கும் பெண் இவ்வுண்மையை நன்கறிவாள். தராசு பிழையாயின், செக்ரோல் எத்துணைச் சுத்தமாயினும் அவளுக்கு நீதி இல்லை. சங்கிலி காப்பது எழுதியதை மட்டுமே. காட்டை அளப்பவர் யார்? அங்கு வாழும் மக்களைக் கேட்டனரா? புகையைக் குறைக்கும் கடமையைப் பணங்கொடுத்துப் பிறர் தோளில் ஏற்றலாமா? இவற்றுக்கு எந்திரம் விடை கூறாது. தராசு எவர் கையில் உள்ளது என்பதை முதலிற் கேட்போம். ஏட்டின் பெருமையைப் பின்னர் பேசுவோம்.