நோயும் பழியும்

நம் சமூகத்தாரில் ஒருவருக்கு இனிப்பு நீர் வியாதி கண்டுவிட்டது என்று தெரிந்தால் போதும், அன்று முதல் அவருக்கு உபதேசம் செய்பவர்கள் பெருகிவிடுகிறார்கள். வாயைக் கட்டினால் வியாதி ஓடிவிடும் என்கிறார் ஒருவர். நஃப்ஸை அடக்கத் தெரியாதவனுக்கு மருந்து எதற்கு என்கிறார் மற்றொருவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே நாமும் பலருக்கு இவ்வாறு சொல்லியிருக்கிறோம். சொன்ன காலத்தில், நன்மையை ஏவித் தீமையை விலக்குகிறோம் என்றே நினைத்தோம். இப்பொழுது அவ்வாறு நினைக்க முடியவில்லை. ஆகவேதான் இக்கேள்வியை நேயர்கள் முன்னிலையில் வைக்கத் துணிகிறோம்: உண்ணும் விஷயத்தில் தன்னைத் தானே ஆள முடியாமற்போன நோயாளி குற்றவாளியா? அவரைக் கடிந்து கொள்வது நன்மையை ஏவுவதில் சேருமா?

நாம் ஆலிமும் அல்ல, டாக்டரும் அல்ல. கிளேபாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கிளேபாங் எத்தகைய ஊர் என்பதை மலாக்காவாசிகள் அறிவார்கள். தேங்காய் ஷேக்கின் மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வைத்து விற்பதற்கும் அதைக் குடிப்பதற்கும் வெளியூர்களிலிருந்து கார் ஏறி வருகிறார்கள். பக்கத்திலே மலாக்காப் பட்டணம். அங்கே குலா மலாக்கா ஊற்றிய செண்டோல். நம்மவர் கடைகளிலோ டின் பால் கலந்த தே தாரிக். இனிப்பை விற்றுப் பிழைக்கும் கூட்டத்தில் நாமும் ஒருவரே. சீனி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இனிப்பு நீரைப் பற்றி எழுதுவது நமக்கே சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்நாட்டுச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு, 2023-இல் பெரியவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இந்த வியாதி உண்டு என்று கண்டது. அதாவது ஜமாஅத்தில் ஒரு வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றால் அவர்களில் ஏறத்தாழ இருவர். அதே ஆய்வு, பதினாறு வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு நோய் உண்டென்றும் சொல்லிற்று. 2019-இல் அது 2.3 ஆக இருந்தது. இனிப்பு நீர் உள்ளவரை மனச்சோர்வு பற்றுவது மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்து கொள்வதைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. நாமும் நம் வீட்டில் வந்த பிறகே அறிந்தோம்.

நம் தமக்கையின் மகன் நம் கடையில்தான் வேலை பார்க்கிறார். முப்பது வயதுக்கு முன்பே வியாதி கண்டது. முதலில் மாத்திரை, பிறகு இன்சுலின் ஊசி. கடையில் யாவரும் பார்க்க அவர் தே ஓ கோசோங்தான் குடிப்பார். பகலில் சோறும் ஒரு பிடிதான். பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் சரக்கறையில் பிஸ்கட் டின்கள் குறையத் தொடங்கின. முதல் மாதம் கணக்கில் பிழையென்று நினைத்தோம். இரண்டாம் மாதம் வேலையாள் ஒருவர் மேல் சந்தேகப்பட்டோம் (அல்லாஹ் மன்னிப்பானாக). மூன்றாம் மாதம் அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் கிழிந்த உறைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. கடை சாத்திய பிறகு, எல்லோரும் உறங்கும் வேளையில், இருட்டில் உட்கார்ந்து அவர் அவற்றைத் தின்றிருக்கிறார். நாம் பெருங்கோபம் கொண்டோம். கள்ளன் என்ற சொல் நம் வாயிலிருந்து வந்தது. சரக்கறைக்குப் புதுப் பூட்டும் போட்டோம்.

அதன் பின் அவர் திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கத் தொடங்கினார். மாமா சொன்னது உறைத்தது, பிள்ளை திருந்திவிட்டான் என்று தமக்கை மகிழ்ந்தார்கள். நாமும் மகிழ்ந்தோம். ஒரு வியாழக்கிழமை அஸர் நேரத்தில், வாடிக்கைக்காரருக்குப் பருப்பு நிறுத்துக் கொண்டிருந்தவர், உடலெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நினைவு முற்றும் போய்விடவில்லை. அந்நேரத்தில் நாம் என்ன செய்தோம் தெரியுமா? நோன்பை முறிக்கச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கி நின்றோம்! பக்கத்துக் கடை மலாய் மாதுதான் ஓடிவந்து சிரப் கலக்கிக் குடிக்க வைத்தார்கள். அந்த அம்மையாருக்கு நாம் பட்ட கடன் ஏட்டில் எழுதித் தீர்வதன்று.

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்த பிறகு இரண்டே கேள்விகள் கேட்டார். கொஞ்ச காலமாக மனம் தளர்ந்து நம்பிக்கையற்றுக் கிடக்கிறதா? முன்பு விருப்பமாய் இருந்த காரியங்களிலும் நாட்டமில்லாமல் போயிற்றா? மருமகன் பதில் சொல்லவில்லை; தேம்பி அழுதார். அவர் தம் தந்தையின் மையித்துக்குக்கூட அப்படி அழுததை நாம் பார்த்ததில்லை.

பிறகு டாக்டர் விளக்கியதை நமக்கு விளங்கிய வரையில் எழுதுகிறோம். வேகமாகவும், பசியில்லாத போதும், வயிறு வலிக்கும் அளவுக்கும் உண்பது. வெட்கத்தினால் ஒளிந்து உண்பது. உண்டபின் தன்னையே அருவருப்பது. இது வாரம் ஒரு முறையாவது என்று மூன்று மாதம் தொடர்வது. இதை ஒரு தனி நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013-இல் வகைப்படுத்தியிருக்கிறதாம். நம் மருமகனோ பகலெல்லாம் பட்டினி கிடந்தார். பட்டினியால் தவித்த உடல் இரவில் அணை உடைத்தது. விடிந்ததும் வெட்கம், வெட்கத்துக்குப் பரிகாரமாக மறுபடியும் பட்டினி. ஊசி போட்டால் உடல் பருக்கும் என்றெண்ணிச் சில நாள் ஊசியையும் விட்டிருக்கிறார். சர்க்கரை ஏறினால் தாகம், இரவெல்லாம் சிறுநீர், தூக்கமின்மை, அசதி. அசந்த உடலில் மனமும் சோர்ந்து, சோர்ந்த மனம் ஆறுதலுக்குத் தின்பண்டத்தைத் தேடுகிறது. வேறு நாளில் ஊசியும் மாத்திரையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு உண்ணாமல் இருந்தால் சர்க்கரை கீழே விழுகிறது. அப்பொழுது வரும் பசி வெறும் பசியன்று, உயிர்ப்பயம். கையில் கிடைத்ததை அள்ளித் தின்னச் செய்யும். கடன்பட்ட மூன்று கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதை வியாபாரிகள் கண்டிருப்பீர்கள். அப்படித்தான் இம்மூன்று நோய்களும். ஒருவரை மட்டும் பிடித்து வசூல் செய்ய முடியாது.

இதைப் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர், "அப்படியென்றால் எல்லாவற்றையும் வியாதி என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாமே! இமாம் கஸ்ஸாலி அவர்கள் வயிற்றை அடக்குவதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, அதெல்லாம் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை இமாம் அவர்களுடைய வாழ்விலேயே இருப்பதாக நமக்குப் படுகிறது.

இஹ்யாவில் பசியையும் இச்சையையும் அடக்குவது பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஹிஜ்ரி 488-இல், அதாவது 1095-இல், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் பெரும் பதவியில் இருந்தபோது அவர்களுடைய நா கட்டிக்கொண்டது. பாடம் நடத்த முடியவில்லை. நெஞ்சில் துக்கம் கவ்விற்று. கஞ்சிபோன்ற நீர்த்த உணவும் தொண்டையில் இறங்கவில்லை, ஒரு கவளமும் செரிக்கவில்லை. இது உள்ளத்தில் இறங்கிய நோய், அங்கிருந்து உடலில் பரவியிருக்கிறது, உள்ளத்தின் கவலை தணிந்தாலன்றி மருந்து பலிக்காது என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். பிறகு பதவியை விட்டு ஊரையும் விட்டுப் புறப்பட்டார்கள். இவற்றைத் தம்முடைய அல்முன்கித் என்னும் நூலில் இமாம் அவர்களே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நிலைக்கு இன்றைய டாக்டர் என்ன பெயர் கொடுப்பார் என்று சொல்ல நாம் துணியவில்லை. அவர்கள் படிக்காத கல்வியும் இல்லை, அறியாத நஃப்ஸும் இல்லை என்பது மட்டும் தெரியும். அன்று யாராவது அவர்களிடம் போய், நாயகமே, மனத்தைத் திடப்படுத்தி உண்ணுங்கள் என்று சொல்லியிருந்தால் அச்சொல்லுக்கு என்ன பெறுமானம்?

அவர்களுக்கும் முந்தியவர் பல்க் நாட்டு அபூ ஸைத் அல்பல்கி. 934-இல் காலமானவர். உடல்கள், உள்ளங்கள் இரண்டின் நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். வைத்தியர்கள் உடலை மட்டும் பார்க்கிறார்கள் என்று குறைப்பட்ட அவர், துக்கத்தை இரண்டாகப் பிரித்தார்: காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் வரும் துக்கம் மற்றொன்று. இரண்டாவது உடலிலிருந்து எழுவது என்றும் கருதினார். திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து வைத்திருப்பதைப்போல், துக்கம் வரும் வேளைக்கென்று நல்ல எண்ணங்களையும் முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆலோசனை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னே நம்மவர் கண்டறிந்ததை நாம் மறந்துவிட்டு, மனநோயை வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று பேசுகிறோம்!

ஹதீஸ் ஷரீபில் வரும் ஒரு சம்பவத்தையும் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்து கொள்ளலாமா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை ஏது என்றார்கள். அவர் குளித்தார், மௌத்தாகிவிட்டார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தது அந்தத் தோழர்களைத்தான். அவரைக் கொன்றதே அவர்கள்தாம் என்ற அளவுக்குச் சொன்னார்கள். அறியாதவர்கள் கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். அந்த வியாழக்கிழமை சிரப்பை நீட்டாமல் தயங்கி நின்ற நமக்கு இந்த ஹதீஸை நினைக்கும்போதெல்லாம் உடல் கூசுகிறது.

நண்பருடைய கேள்வியை விட்டுவிட மாட்டோம். பெருந்தீனிக்காரன் உண்டு, அவனைக் கண்டிக்கவும் வேண்டும். கந்தூரியில் மூன்று தட்டு பிரியாணியை நாலு பேர் முன்னிலையில் ருசித்துச் சாப்பிட்டு ஏப்பம் விடுகிறானே, அவனுக்கு வெட்கமும் இல்லை, துக்கமும் இல்லை. நோயாளியோ ருசியே தெரியாமல் இருட்டில் விழுங்குகிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது கள்ள நிறுவை. நோயாளிக்குப் பொறுப்பே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. உடல் அமானத்து. ஊசியை நேரத்தில் போடுவது, தவணை நாளில் கிளினிக்குக்குப் போவது, வழுக்கி விழுந்தால் விழுந்தேன் என்று ஒருவரிடமாவது சொல்வது, இவை அவர்மேல் கடமைதான். ஆனால் சொல்ல முடியாதபடி கதவை அடைத்தவர் யார்? கடன்காரனைத் தெருவில் வைத்துச் சத்தம் போட்டால், அவன் அடுத்த நாள் முதல் நம் தெருப் பக்கமே வரமாட்டான்; ஆளும் போயிற்று, பணமும் போயிற்று. வியாபாரத்தில் நாம் நன்றாக அறிந்த இந்த விஷயத்தை வீட்டில் ஏன் மறந்தோம்? நாம் திட்டியதனால் பிஸ்கட் டின் தப்பிற்று. அவர் பட்டினிக்குள் போய் ஒளிந்து கொண்டார். அந்த ஒளிவிடத்துக்கு நோன்பு என்று பெயரிருந்தபடியால் யாரும் கதவைத் தட்டவில்லை.

ரமலானைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பது குர்ஆன் ஷரீபின் தெளிவான சட்டம். தீராத நோயென்றால் ஃபித்யா இருக்கிறது. சர்க்கரை பார்க்க விரலில் குத்துவதாலோ இன்சுலின் ஊசியாலோ நோன்பு முறியாது என்பதையும் ஆலிம்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். சத்து ஏற்றுவதற்கல்லாத மருந்தூசி நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் 1997-இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் தீர்மானித்தது. இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பது என்று பயந்து ஊசியை நிறுத்தினவர்களும் நம்மில் உண்டு. ஒரு காலத்தில் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது மெய்தான். இன்று பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிப்பதே வருகிறது. சந்தேகமிருந்தால் மருந்து கொடுப்பவரைக் கேட்கலாமே. சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தும், பகலில் தண்ணீர் குடிக்கும் ஆண்பிள்ளையை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் நோன்பு பிடிக்கிறார்கள். இது அல்லாஹ்வுக்கான நோன்பாகுமா என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்றும் டாக்டர் மருமகனைக் கேட்டார். அப்படிக் கேட்பதே அபசகுனம் என்று தமக்கை கலங்கிவிட்டார்கள். கேட்பதனால் அந்த எண்ணம் வந்துவிடாது, பேச வழி பிறக்கும் என்றார் டாக்டர். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்திய 309-வது சட்டப் பிரிவை இந்நாடு 2023-இல் நீக்கிவிட்டது. சர்க்காரே பழியைக் கைவிட்ட பிறகு நாம் அதைத் தூக்கிக் கொண்டு திரிகிறோம். சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண்ணை எழுதிக் கல்லாவுக்கு அருகில் ஒட்டியிருக்கிறோம். வாடிக்கைக்காரர் சிலர் என்னவென்று கேட்டுவிட்டுத் தாங்களும் குறித்துக் கொண்டு போகிறார்கள்.

இப்பொழுது மருமகன் மூன்று வேளையும் நம்மோடு உட்கார்ந்து உண்கிறார். அவருடைய தட்டைப் பார்த்து யாரும் பேசக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டோம். பெரியவர்களுக்கு இது கஷ்டமாகவே இருக்கிறது. மனத்துக்கான மருந்தும் பேச்சு மருத்துவமும் நடக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் இரத்தப் பரிசோதனை, சென்ற இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிறது. ஒரு நாள் நஷ்டத்தைப் பார்த்துக் கடையை மூடுகிறவர் உண்டா என்று அவரிடம் சொன்னோம், சிரித்தார். எண் இறங்கியிருக்கிறது, ஆனால் டாக்டர் விரும்பும் அளவுக்கு இல்லை. நோன்பைப் பற்றி டாக்டரையும் ஹஜ்ரத்தையும் கேட்டே முடிவு செய்வதென்று ஒப்புக் கொண்டிருக்கிறார். இதையெல்லாம் எழுதவும் அவரே சம்மதித்தார்; பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

சரக்கறைப் பூட்டைக் கழற்றிவிட்டோம். இரண்டு வாரத்துக்குப் பின் அவரே, "மாமா, ராத்திரியில் மட்டும் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார். அவ்வாறே செய்கிறோம். சென்ற மாதம் பகல் வேளையில் இரண்டு டின் குறைந்தது. அன்று மாலையே அவர் வந்து சொல்லிவிட்டார். ஏட்டில் எழுதிக் கொண்டோம், அவர் பேரில் அல்ல, வீட்டுச் செலவில்.