வாசகரின் நேரம் யாருடையது?

சிதம்பரத்தில் புத்தகங்கள் பூட்டிக் கிடந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் இருக்கின்றன. மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கேட்கிறார்கள். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்கிறார்கள் தீட்சிதர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைக்கிறான். உள்ளே ஏடுகளைக் கரையான் அரித்திருக்கிறது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை இது. எல்லோரும் கரையானைப் பற்றி வருத்தப்படுவார்கள். நூலகராக வேலை பார்க்கும் எனக்கு அந்த நிபந்தனைதான் உறுத்தும். ஒரு புத்தகத்தைத் திறக்க எழுதியவரே நேரில் வர வேண்டுமாம்!

அதே ஊரில் 1928 டிசம்பரில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. அடுத்த ஆண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்ட மீனாட்சி கல்லூரியில் மாகாணக் கல்வி மாநாடு. அதில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஒருவர், புத்தகங்கள் இருப்பதே பயன்படுத்துவதற்காகத்தான் என்று தொடங்கி ஐந்து விதிகளை முன்வைத்தார். சீர்காழியில் பிறந்த சீ.இரா.அரங்கநாதன்தான் அவர். 1931இல் அந்த விதிகள் நூலாயின. இன்று உலகில் எங்கே நூலகவியல் படித்தாலும் முதல் பருவத்திலேயே அவற்றைச் சந்தித்தாக வேண்டும். அவை முதன்முதலாகப் பொதுமேடையில் சொல்லப்பட்ட இடம் நம் சிதம்பரம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நூலகர்கள் இல்லை, ஆசிரியர்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக் கல்லூரி நூலகர்களுக்காகச் சிதம்பரத்தில் ஒருநாள் பயிலரங்கு நடத்தத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். முப்பது பேர் வரலாம். தலைப்பு, ‘கற்பிக்கும் நூலகர்’. தலைப்பைச் சொன்னதுமே ஒரு நண்பர் போனில் கேட்டார்: “மேடம், நாம பாடம் எடுக்குறோம்னு சொன்னா ஸ்டாஃப் ரூம்ல சிரிக்க மாட்டாங்களா?”

சிரிப்பார்கள்தான். யுஜிசி விதிகளில் கல்லூரி நூலகரின் ஊதிய நிலையும் உதவிப் பேராசிரியரின் ஊதிய நிலையும் ஒன்றுதான். பல சுயநிதிக் கல்லூரிகளில் அது வெறும் காகிதம். ஆனால் அந்தஸ்துப் பிரச்சினை எனக்கு இரண்டாம்பட்சம். அதைவிட ஆழமான சிக்கல் அரங்கநாதனின் நான்காவது விதியிலேயே இருக்கிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்கிறது அது. கற்பித்தல் என்றால் என்ன? வாசகரின் நேரத்தை எடுத்துக்கொள்வது. ஒருவர் ஒரு புத்தகம் கேட்கிறார். எடுத்துக் கொடுத்தால் இரண்டு நிமிடம். எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தால் இருபது நிமிடம். அப்படியானால் கற்பிக்கும் நூலகர் நான்காவது விதியை மீறுகிறவரா?

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிட முடியாது. தினமும் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற கேள்வி இது.

ஆய்வு மாணவி ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிளேஜியரிசம் ரிப்போர்ட். இருபத்தாறு சதவீதம். “மேம், பத்துக்குக் கீழ கொண்டு வரணும். என்ன பண்ணணும்?” யுஜிசியின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த எண் மட்டும்தான். அதைக் குறைக்கும் குறுக்குவழிகளும் எல்லோருக்கும் தெரிந்தவை: சொல்லை மாற்று, வாக்கியத்தைத் திருப்பிப் போடு, ஏதாவது ஒரு செயலியிடம் கொடுத்து ‘ரீரைட்’ செய். அரை மணியில் எண் இறங்கிவிடும். அவளுடைய நேரம் மிச்சம். திருட்டு மட்டும் அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல்.

இன்னொரு வழியும் உண்டு. அதே ஒழுங்குமுறை, ஆதாரம் காட்டி மேற்கோளாகத் தந்த பகுதிகளையும் நூற்பட்டியலையும் ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்கிறது. அந்த இருபத்தாறில் எவ்வளவு, மேற்கோள் குறி போடாமல் விட்டதால் வந்தது? எந்தப் பத்தியில் அவள் அடுத்தவரின் கருத்தைத் தன்னுடையதாகவே நம்பத் தொடங்கியிருக்கிறாள்? பத்தி பத்தியாக உட்கார்ந்து பார்த்தால் எண்ணும் நேர்மையாகவே இறங்கும். தன் குரல் எங்கே தொடங்குகிறது என்பதும் அவளுக்குத் தெரியவரும். இதற்கு ஒரு பிற்பகல் முழுக்க வேண்டும்.

எந்த வழி அவளுடைய நேரத்தை மதிப்பது?

இங்கே அரங்கநாதனின் காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று பெரும்பாலான நூலகங்களில் அலமாரிகள் பூட்டியிருந்தன. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேண்டிய புத்தகம் எங்கே இருக்கிறது என்று ஊழியருக்கே தெரியாது. திறந்த அலமாரி, ஒழுங்கான பகுப்பு, நல்ல அட்டவணை இவையெல்லாம் அந்தக் காத்திருப்பை ஒழிக்க வந்தவை. அவர் மிச்சப்படுத்த நினைத்தது நூலகம் வீணடித்த நேரத்தை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வாசகர் சிந்திக்கும் நேரம் வேறு கணக்கு. அது அவருடைய சொத்து. அதை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று நான் கை வைத்தால், அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறேன். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நூலகத்தை அறிமுகப்படுத்துவதையும் அரங்கநாதன் நூலகரின் கடமைகளில் ஒன்றாகவே வைத்தார். அவரே அடிப்படையில் கணித ஆசிரியர். 1924இல் நூலகர் பதவிக்கு வந்த புதிதில் அந்தத் தனிமை தாங்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடப் பார்த்தவர். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து நூலகத்தையே ஒரு வகுப்பறையாகப் பார்க்கத் தொடங்கினார்.

இதோடு முடித்துக்கொண்டால் நமக்கு நாமே மாலை போட்டுக்கொண்டது மாதிரி ஆகிவிடும். மறுபக்கமும் இருக்கிறது. அந்த மாணவிக்கு ஐந்து மணிக்கு விருத்தாசலம் பஸ். அதை விட்டால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். காலையில் நெறியாளர் கேட்பார். வீட்டிலேயே முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்தவள் அவள். அவளை உட்கார வைத்து ஒரு மணிநேரம் ‘அறிவு நேர்மை’ பேசுவது எனக்குத் திருப்தியாக இருக்கும், அவளுக்குத் தண்டனையாக இருக்கும். கேட்டதைக் கொடுக்காமல், ‘முதலில் இதைக் கற்றுக்கொள், பிறகு தருகிறேன்’ என்று நிபந்தனை போடுகிற நூலகருக்கும், மூவரும் வரட்டும் என்று கதவை அடைத்தவர்களுக்கும் அதிக தூரம் இல்லை. கற்பித்தலும் ஒரு பூட்டாக மாறலாம்.

நண்பரின் கேள்வியில் இன்னொரு நியாயமான சந்தேகமும் ஒளிந்திருந்தது. அந்தந்தத் துறை தெரியாத நாம் எப்படிக் கற்பிப்பது? இதற்குப் பிரெஞ்சுத் தத்துவவாதி ஜாக் ரான்சியேர் 1987இல் எழுதிய ‘அறியாத ஆசிரியர்’ என்ற புத்தகம் கைகொடுக்கும். அதன் நாயகன் ஜோசப் ஜாகோட்டோ. 1818இல் லூவெனில் பாடம் நடத்தப் போன அவருக்கு மாணவர்களின் பிளெமிஷ் தெரியாது. மாணவர்களில் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டு மொழியும் எதிரெதிராக அச்சான ஒரு நாவலைக் கொடுத்து, ஒப்பிட்டுப் படித்துக்கொள்ளச் சொன்னார். அவர் எதையும் விளக்காமலேயே அவர்கள் பிரெஞ்சில் எழுதக் கற்றார்கள். ஆசிரியரின் வேலை தன் அறிவை ஊற்றுவது இல்லை, மாணவர் உண்மையாகவே தேடினாரா என்று உறுதிசெய்வது என்ற முடிவுக்கு ஜாகோட்டோ வந்தார். இதைப் படித்தபோது இது நூலகரின் வேலை அல்லவா என்றுதான் எனக்குத் தோன்றியது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கும் மாணவனைவிட எனக்குக் கடலைப் பற்றிக் குறைவாகத்தான் தெரியும். அந்தக் குறைவே எனக்கு வசதி. அவனுக்குப் பதிலாக நான் யோசித்துவிட முடியாது.

அரங்கநாதனின் முதல் விதிக்கு வாசகம் கிடைத்த கதையும் இப்படித்தான். தன் விதிகளுக்கு வடிவம் கிடைக்காமல் அவர் திணறிக்கொண்டிருந்தபோது, கிறித்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்ட் ராஸ் பேச்சுவாக்கில் அதை எடுத்துக் கொடுத்தார். ராஸ் நூலகர் இல்லை.

இந்த யோசனையெல்லாம் நிகழ்ச்சி நிரலில் என்னவாக இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தரவுத்தளங்களின் பட்டியலை வாசிக்கும் பவர்பாயிண்ட் கிடையாது. காலை அமர்வு முழுக்க ஒரே பயிற்சி: யாராவது உதவி கேட்டு வந்தால் முதலில் “உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கேட்பது. பத்து நிமிடம்தான் என்றால் பத்து நிமிடத்துக்குள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதியை நாமே செய்து தருவது. அந்த மாணவிக்கு ஒரு பத்தியை மட்டும் எடுத்து மேற்கோள் குறி போட்டுக் காட்டலாம். அடுத்த பத்தியை அவள் பஸ்ஸில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்வாள். எவ்வளவு கற்றுக்கொள்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவளுடைய நேரம், அவளுடைய முடிவு. அடுத்த தடவை இதே காரியத்துக்கு அவள் என்னைத் தேடி வர வேண்டியிருக்கிறதா என்பதுதான் என் வேலைக்கு நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியாத ஒரு கேள்வியைக் கொடுக்கப் போகிறோம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளில் மீன் பிடிப்பவர்கள் அந்த மரங்களுக்கும் ஓடைகளுக்கும் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள், அதை யார் பதிவு செய்திருக்கிறார்கள்? ‘சுரபுன்னை’ என்று போட்டால் ஆங்கிலத் தரவுத்தளம் விழிக்கும். ‘மாங்குரோவ்’ என்று போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும், அதில் மீனவரின் சொல் இருக்காது. எங்கே போவது, யாரைக் கேட்பது, எப்போது புத்தகத்தை மூடிவிட்டுப் படகுத்துறைக்கே நடப்பது என்று முப்பது பேரும் தேடட்டும். விடை என்னிடமும் இல்லை. பயிலரங்குக்கு முன்னால் தேடி வைத்துக்கொள்வதாகவும் இல்லை.