நீதியும் படிக்க வேண்டும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைக்கு அந்தப் பெயர் வந்த கதை பலரும் அறிந்ததுதான். தன்னைப் புகழ்ந்து பாட மறுத்ததற்காகக் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான் பல்லவ மன்னன். சீடன் போனதும் குருவாகிய திருமழிசை ஆழ்வாரும் புறப்பட்டார். அவர் சொல்லைத் தட்டாமல் திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். காஞ்சி இருண்டது. மன்னன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு அவர்களைத் திரும்ப அழைத்துப் போனான். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே ஓரிரவிருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள்.

இது பக்திக் கதை. ஆயினும் இதில் எனக்கு ஓர் அறக் கேள்வியும் தெரிகிறது. மன்னனிடம் அதிகாரம் இருந்தது. ஒருவனை வெளியேற்றினால் அவனோடு எதெல்லாம் போய்விடும் என்ற அறிவு இல்லை. அறியாதவன் நீதி வழங்க முடியுமா? நல்ல மனம் மட்டும் போதுமா?

இந்தக் கேள்வியை வேறு விதமாக என்னிடம் கேட்டார் ஓரிக்கையில் எனக்குப் பழக்கமான நெசவாளப் பெரியவர். அவருடைய பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். திருநங்கையரைப் பற்றியும், தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்களைப் பற்றியும் வகுப்பில் பேசினார்களாம்.

"வேலைக்குப் போற பொண்ணுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதுக்கு சார்? பாவம், அவங்களும் மனுசங்கதான், இரக்கமா இருன்னு சொன்னா போதாதா?" என்றார்.

கெட்ட எண்ணத்தோடு கேட்ட கேள்வி அல்ல அது. அவருக்கு நான் சொன்ன பதிலையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

2021-இல் மதுரையிலிருந்து இரண்டு இளம் பெண்கள் சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் எதிர்த்தார்கள், போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த உறவைப் பற்றித் தமக்கே சரியான தெளிவு இல்லை என்பதை மறைக்கவில்லை. தீர்ப்புச் சொல்லுமுன் உளவியல் நிபுணர் ஒருவரிடம் மாணவராகச் சென்று கேட்டு அறிந்தார். அதன் பிறகே, ஜூன் 7-ஆம் நாள், இத்தகையவர்களைச் சிகிச்சையால் 'மாற்ற' முயல்வதைத் தடுத்து உத்தரவிட்டார். பள்ளி, கல்லூரி, காவல்துறை எல்லா இடங்களிலும் இதைக் கற்பிக்க வேண்டும் என்றும் கூறினார்.

அதிகாரத்தின் நாற்காலியில் இருப்பவர் எழுந்துபோய் மாணவனின் பலகையில் உட்காருவது சிறிய காரியமா?

இரக்கம் உயர்ந்ததுதான். ஆனால் மகளை 'மாற்றிவிடுங்கள்' என்று மருத்துவரிடம் கெஞ்சும் தாயிடம் அன்பு இல்லையா? நிறைய இருக்கிறது. அறிவு துணை வராத அந்த அன்புதான் மகளை வாட்டுகிறது. வீட்டைவிட்டே ஓட வைக்கிறது. அந்தத் தாயை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. மருத்துவப் பாடநூல்களே இதை ஒரு கோளாறு என்று கற்பித்து வந்தன. மேற்சொன்ன வழக்குக்குப் பிறகுதான் பாடங்களில் உள்ள இழிவான கருத்துகளைத் திருத்தும்படி தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தியது. 2022-இல் அந்தச் சிகிச்சை தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்றும் அறிவித்தது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் குற்றம் என்று எழுதி வைத்ததை, குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்ல 2018 ஆயிற்று. ஆகவே, கல்லூரிகள் இன்று புதிதாக எதையோ புகுத்துவதாக நான் நினைக்கவில்லை. படித்தவர்கள் தப்பாகக் கற்பித்ததைப் படித்தவர்களே திருத்துகிறார்கள். பழைய கடன் அது.

அந்தக் கடனைத் தீர்க்கச் சமுதாயக் கல்லூரி மிகவும் ஏற்ற இடம். 1990-களில் புதுச்சேரியிலும் சென்னையிலும் அது தொடங்கியபோது, படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் ஏழைகளுக்கும் மறுபடி ஒரு கதவைத் திறப்பதே நோக்கம். கேலி பொறுக்காமல் பள்ளியை விட்டு ஓடியவர்களுக்கு அந்தக் கதவு தேவையில்லையா?

மதுரையில் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்த ஒரு திருநங்கைக்குத் தஞ்சை கிட்டப்பா பிள்ளை தம் வீட்டுக் கதவைத் திறந்தார், பரதம் கற்பித்தார். அந்த மாணவி நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு குரு கிடைத்ததால் ஒரு கலை நமக்கு மிஞ்சியது. குரு கிடைக்காமல் போனவர்களோடு எத்தனை கலைகள், எத்தனை திறமைகள் ஊரைவிட்டுப் போயினவோ!

பெரியவரின் பேத்தி நாளை செவிலியாகலாம், ஆசிரியையாகலாம், காவல் நிலையத்தில் அமரலாம், தாயாகவும் ஆகலாம். அங்கெல்லாம் என்றாவது ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு அவள் முன் வந்து நிற்கும். அந்த நேரத்தில் இரக்கம் அவள் கண்ணில் நீரை வரவழைக்கும். என்ன சொல்வது, என்ன சொல்லக்கூடாது என்பதை அவள் படித்த படிப்புதான் சொல்லித்தர வேண்டும்.